அம்மன் விளக்குக்குக் கரண்டு செலவில்லை

அருள்மொழிக்கு மீட்டர் என்றால் அப்படியொரு நம்பிக்கை. மனிதர் வாயில் முன்னே பின்னே வரும், மீட்டர் வாயில் வராது என்பது அவள் கட்சி. பாலிடெக்னிக் படித்ததும், கள்ளக்குறிச்சியில் பொன்னுரங்கத்தின் சோலார் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஊர் ஊராகக் கூரை ஏறி இறங்கியதும் அந்தக் கட்சியைப் பலப்படுத்தித்தான் வைத்திருந்தன. மழை பெய்கிறதா என்று கேட்டால் கையை நீட்டிப் பார்க்காமல் மீட்டரை நீட்டிப் பார்க்கிற பெண் என்று களமருதூரில் அவள் அப்பாவே கேலி செய்வார். அப்பேர்ப்பட்டவள், வைகாசி மாதத்து ஒரு மத்தியானம், கல்வராயன் மலைமேல் ஒரு மீட்டருக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

இடம் மாவடிப்பாறை. கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே மேடேறி நடந்தால் வருகிற சின்ன ஊர். அங்கே ஒரு துணை சுகாதார நிலையம், அதற்குள் ஒரு மருந்து ஃபிரிட்ஜ். மலையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கம்பிமேல் மரம் சாய்ந்து லைன் கரண்டு போய்விடும். போனது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் முக்கியமாக ஃபிரிட்ஜுக்காகவும், கூடவே ஒரு ஃபேனுக்கும் குழல்விளக்குக்குமாகவும், கூரைமேல் சோலார் பலகைகளும் பின்னறையில் இரண்டு பேட்டரிகளும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். தை மாதத்தில் அதையெல்லாம் தன் கையால் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனவள் அருள்மொழிதான்.

இப்போது அந்த ஃபிரிட்ஜ் ராத்திரியில் நின்றுபோகிறது. ஊர் தூங்கின பிறகு எப்போதோ நிற்கிறது. வெயில் ஏறி, பேட்டரி கொஞ்சம் தேறி, மறுபடி ஓட ஆரம்பிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது. மேகமூட்டமான நாளென்றால் சாயங்காலம்கூட ஆகும். அதுவரை உள்ளே இருக்கிற மருந்தெல்லாம் கான்கிரீட் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும்.

பேட்டரியில் சார்ஜ் இல்லாமல் நின்றது என்றால் அதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஆனால் சட்டி நிறைய இருக்கிறது என்றல்லவா மீட்டர் சொல்கிறது. காலையில் நர்ஸ் கமலா கதவைத் திறந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கும். சுவரில் மாட்டியிருக்கும் மீட்டர், பேட்டரி தொண்ணூறு சதவீதம் நிறைந்திருக்கிறது என்று பச்சை எழுத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். அதே மீட்டரின் கீழ் வரியில் வோல்டேஜ் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மேல்வரி நிறைந்திருக்கிறது என்கிறது, கீழ்வரி காலி என்கிறது. ஒரே முகத்தில் இரண்டு வாய் இருந்தால் எந்த வாயை நம்புவது?

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் கிடையாது. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து புறப்படும் தடித்த கறுப்பு ஒயர் நேரே போய்விடுவதில்லை. விரல் நீளத்துக்கு ஓர் உலோகப் பட்டை, இரண்டு பக்கமும் பித்தளைக் கட்டை. அதைத் தாண்டித்தான் போகும். அதற்கு ஷன்ட் என்று பெயர். பேட்டரிக்குள் போகிற கரண்டும் வெளியே வருகிற கரண்டும் அந்தப் பட்டை வழியாகத்தான் நடமாட வேண்டும். நடமாடும்போது பட்டையின் இரு முனைக்கும் நடுவே துளியூண்டு வோல்டேஜ் வித்தியாசம் விழும். கரண்டு கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும். நூல்போன்ற இரண்டு ஒயர்கள் அந்தத் துளியை எடுத்துப் போய் மீட்டரிடம் சொல்ல, உள்ளே வந்தது இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு என்று மீட்டர் ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும். ஒரே வாசல் உள்ள கல்யாண மண்டபத்தில், வாசலில் நின்று ஆள் எண்ணுகிறவனைப் போலத்தான். அவன் தூங்காதவரை கணக்கு தப்பாது.

அவன் தூங்குகிறான் என்பதுதான் பொன்னுரங்கத்தின் கட்சி. அவருக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து, மாற்று. முதல் தடவை அருள்மொழி மலையேறியபோது பேட்டரியை மாற்று என்றார், மாற்றினாள். அடுத்த தடவை ஷன்ட்டை மாற்று என்றார், அதையும் மாற்றினாள். இரண்டு மாற்றத்துக்கும் ஃபிரிட்ஜ் மசியவில்லை, வழக்கம்போல நின்றது. கழற்றிக் கொண்டுபோன பழைய பேட்டரிகளைக் கடையில் வைத்துச் சோதித்ததில் அவை முழு ஆரோக்கியமாக இருந்தன. பழைய ஷன்ட்டும் அப்படியே. இதைக் கேட்டுப் பொன்னுரங்கம், பூட்டின ஆளை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான் போலிருக்கிறது என்று சிரித்தார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆனால் அருள்மொழியின் ரோஷம் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் அந்த ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது. இன்சுலின். அது ராதிகாவுக்கானது.

ராதிகா நாலாம் வகுப்புப் படிக்கிற பெண். சின்ன வயசிலேயே வருகிற சர்க்கரை நோய். தினமும் ஊசி போட்டால்தான் உயிர். அவள் அம்மா செவ்வந்தி அந்த நிலையத்தைக் கூட்டிப் பெருக்கி, சாவி வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறவள். அப்பா ராசு, மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற லாரியின் டிரைவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்குக்கு மொத்தமாக மருந்து வாங்கி வந்து இந்த ஃபிரிட்ஜில்தான் வைத்துக்கொள்வார்கள். பங்குனியில் ஒருநாள், ஊசி போட்டும் சர்க்கரை இறங்காமல், ராதிகா மூச்சு வாங்கிக்கொண்டு சுருண்டு விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டாள். மருந்து சூடு பட்டுக் கெட்டிருக்கிறது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார் டாக்டர். அப்போதுதான் ஃபிரிட்ஜ் ராத்திரியில் நிற்கிற சங்கதியே ஊருக்குத் தெரிந்தது. அதிலிருந்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்து, கெடுவதற்குள் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு வந்து இறங்கியதும் கமலா அருள்மொழியிடம் சொன்ன செய்தி சுருக்கமானது. நாளைக்கு ஜீப் வருகிறது. சரியாகாத ஃபிரிட்ஜை இங்கே வைத்திருப்பதில் பிரயோசனமில்லை, கீழே கொண்டுபோய்விடுவோம் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். ஃபிரிட்ஜ் போனால் ராதிகாவும் போக வேண்டியதுதான். சின்னசேலத்தில் ராசுவின் அக்கா வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. பிள்ளை அங்கேயே தங்கிப் படிக்கட்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். செவ்வந்தி அருள்மொழிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓரமாக நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிட்டுக் கேட்டிருந்தால்கூட அருள்மொழிக்கு அவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

மத்தியானம் முழுவதும் சோதித்தாள். ஷன்ட் பட்டையில் அடித்திருக்கும் எண்ணும் மீட்டரில் கொடுத்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தாள். அது தப்பினால் கணக்கு இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும், தப்பவில்லை. நூல் ஒயர்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாள். கவ்வி மாதிரித் திறந்து ஒயரைச் சுற்றிப் பிடித்தால் உள்ளே ஓடும் கரண்டைச் சொல்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று வைத்திருந்தாள். அதைக் கறுப்பு ஒயரில் மாட்டினாள். சுவர் மீட்டர் காட்டியதையே அதுவும் காட்டியது. ஃபிரிட்ஜ் ஓடும்போது இரண்டு ஆம்பியர் என்றால் இதிலும் இரண்டு, அதிலும் இரண்டு. ஃபேனைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஏறின, அணைத்தால் சேர்ந்து இறங்கின. ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்கூட அவ்வளவு ஒற்றுமையாக இருக்காது.

ஆக, பலகை நல்லது, பேட்டரி நல்லது, ஷன்ட் நல்லது, மீட்டர் நல்லது, ஃபிரிட்ஜும் நல்லது. இத்தனை நல்லவர்கள் கூடி எப்படி ஒரு கெட்டதைச் செய்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. தலையைச் சொறிந்தாள். எழுந்து நடந்தாள். மறுபடி வந்து உட்கார்ந்து அதே போல்ட்டை மறுபடி முறுக்கிப் பார்த்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால்கூட ஒரு திசையாவது தோன்றும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதே வழியை அடைத்தது.

பேட்டரியிலிருந்து வேறு ஏதாவது மாட்டுகிறீர்களா என்று போன இரண்டு தடவையும் கேட்டிருந்தாள். இந்தத் தடவையும் கேட்டாள். டிவி, மிக்சி, யாராவது போன் சார்ஜ்? கமலா இல்லவே இல்லை என்றாள். செவ்வந்தியும் இல்லை என்றாள். அவள் முகத்தில் பொய் சொல்கிறவளின் சாயலே இல்லை. அருள்மொழி மனிதர் வாயை லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்த வாயை நம்பினாள். நம்பினதால் குழப்பம் இன்னும் ஒரு படி ஏறியது.

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. மீட்டரையே மாற்றிவிடு என்றார். மீட்டர் சரியாக இருக்கிறது என்றாள். அப்படியானால் உனக்குத்தான் சரியில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பி வா, ஃபிரிட்ஜை அவர்களே எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தாள். அங்கே ராதிகா படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, சின்னசேலத்துப் பள்ளிக்கூடம் ரொம்பப் பெரியதா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு அருள்மொழி பையை இறக்கி வைத்தாள். ராத்திரியில் வருகிற கோளாறைப் பகலில் வந்து தேடிக்கொண்டிருக்கிறோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெயிலில் வந்து வெயிலில் இறங்கிப் போனவள், இந்தப் பேட்டரியை ஒருநாளும் சாயங்காலத்தில் பார்த்ததில்லை. இருந்து பார்த்துவிட்டுத்தான் போவது என்று தீர்மானித்தாள். கமலா, தன்னோடு கரியாலூரில் வந்து தங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பிரசவக்காரியைப் பார்க்கப் போனாள்.

பொழுது சாய்ந்தது. மலையில் அது ஒரேயடியாகச் சாயும். பலகைகள் வேலையை முடித்துக்கொண்டன. இனி பேட்டரிதான் ஃபிரிட்ஜைச் சுமக்க வேண்டும். பின்னறையில் பேட்டரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தாள். இரண்டு புள்ளி ஒன்று ஆம்பியர். ஃபிரிட்ஜுக்கு உரியது அதுதான், அதில் கூடுதல் குறைச்சல் இல்லை. விடிய விடிய இப்படியே போனாலும் பேட்டரியில் பாதிகூடத் தீராது.

அப்போது செவ்வந்தி வந்தாள். முகம் கழுவி, தலையை முடிந்து, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். பேட்டரி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆளை அருள்மொழி இதுவரை பார்த்ததில்லை. அவளைப் பார்த்துச் செவ்வந்தி லேசாகச் சிரித்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே கைவிட்டு, ஆணியில் சுற்றித் தொங்கவிட்டிருந்த நீள ஒயரை உள்ளே இழுத்தாள். நுனியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு பெரிய கவ்விகள். லாரிக்காரர்கள் செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்க மாட்டுகிற அதே கவ்விகள். சிவப்பைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தினம் செய்கிற லாவகத்தோடு கவ்வவிட்டு, கையைக் கூப்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக வெளிச்சம் அடித்தது. புங்க மரத்தடியில் பாறையம்மன் சூலமும், மஞ்சள் பூசிய கல்லும், அதற்கு மேலே தகரக் கூரையில் கட்டியிருந்த ஒரு லாரி ஹெட்லைட்டும் தெரிந்தன.

அருள்மொழி அனிச்சையாக மீட்டரைப் பார்த்தாள். இரண்டு புள்ளி ஒன்று. அது அசையவில்லை. வெளியே அத்தனை பெரிய விளக்கு எரிகிறது, மீட்டருக்கு அது தெரியவே இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், பாலிடெக்னிக் படித்த அவளுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

“வேற எதுவும் மாட்டலன்னு சொன்னீங்களேக்கா” என்றாள்.

“மாட்டலியே மேடம்” என்றாள் செவ்வந்தி. “இது அம்மன் வெளக்கு. இதுக்குத்தான் கரண்டு செலவே இல்லியே.”

பிறகு அவளே விளக்கமாகச் சொன்னாள். மாசி மாதத்தில் ராசு பழைய ஹெட்லைட்டைக் கொண்டுவந்து கட்டினான். லாரி பேட்டரியும் இதுவும் ஒரே வோல்டேஜ்தான் என்று அவனுக்குத் தெரியும். லாரியில் எதையும் நேரே பேட்டரியில் மாட்டித்தான் பழக்கம். பகலில் மாட்டியே வைத்திருந்தால் வீண் என்று சாயங்காலம் மாட்டிக் காலையில் எடுத்துச் சுற்றிவைக்கச் சொல்லிக் கொடுத்தான். ஃபிரிட்ஜுக்கு வைத்த கரண்டை எடுக்கிறோமே என்று முதல் நாள் செவ்வந்திக்குப் பயமாகத்தான் இருந்தது. அதனால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மாட்டினாள். ஃபேன் போட்டால் எண் ஏறுகிறது, குழல்விளக்குப் போட்டால் ஏறுகிறது. அம்மன் விளக்குக்கு மட்டும் ஏறவே இல்லை. நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“எங்க ஊருல களத்துல சாமை அடிச்சா, மொத மொறம் அம்மனுக்குத்தான் அள்ளி வெப்போம். அத மட்டும் அளக்க மாட்டோம். அம்மன் பங்கு அளவுல வராது. மெசினுக்கும் அது தெரிஞ்சிக்கினு இருக்குதே, அதான் அதிசயம்.”

அருள்மொழிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கறுப்புக் கவ்வி கவ்வியிருப்பது பேட்டரியின் சொந்த முனையில். ஷன்ட் இருப்பது அதற்கு அப்பால். ஃபேனும் குழல்விளக்கும் ஃபிரிட்ஜும் வாசல் வழியாகப் போய் வருகின்றன. இந்த விளக்கு மட்டும் வாசலைத் தொடாமலே உள்ளே புகுந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. பேட்டரி பாதி காலியாகியும் மீட்டருக்குச் செய்தி போகவில்லை. மறுநாள் சூரியன் கொடுப்பதை மட்டும் அது ஒழுங்காக வரவு வைத்துக்கொள்கிறது. அதனால்தான் நிறைந்திருக்கிறது, நிறைந்திருக்கிறது என்று பிதற்றியது. மீட்டரும் பொய் சொல்லவில்லை, செவ்வந்தியும் பொய் சொல்லவில்லை.

கிளாம்ப் மீட்டரை அந்தக் கறுப்பு ஒயரில் மாட்டினாள். மூன்று ஆம்பியருக்குமேல் காட்டியது. ஃபிரிட்ஜைவிட விளக்குக்குத்தான் பசி அதிகம்.

ஜெயித்துவிட்டோம் என்று துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம் அது. ஆனால் இதை எப்படிச் சொல்வது? லூஸ் கனெக்‌ஷன் இருந்தது, முறுக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். போனால் நாளைக்கும் செவ்வந்தி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கவ்வியை மாட்டுவாள். சொல்லாமல் முடியாது. வார்த்தையால் சொல்ல அவளுக்கு வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னாள். கறுப்புக் கவ்வியைப் பேட்டரி முனையிலிருந்து எடுத்து, ஷன்ட்டுக்கு அந்தப் பக்கத்துப் பித்தளைக் கட்டையில் மாட்டினாள்.

வெளியே விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. மீட்டரில் எண் இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவியது.

செவ்வந்தி அதைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. கிட்டே வந்து கவ்வியைத் தானே எடுத்தாள். எண் இரண்டுக்கு இறங்கியது. மாட்டினாள். ஐந்து. எடுத்தாள். மறுபடி மாட்டினாள். வெளியே அம்மன் இருட்டிலும் வெளிச்சத்திலும் மாறி மாறி நின்றாள்.

“அப்ப இது சாப்ட்டுக்கினுதான் இருந்துதா?”

“ஆமாக்கா. இந்தப் பட்டைக்கு இந்தாண்ட மாட்டினா அதுக்குக் கணக்குத் தெரியாது. தெரியாதே தவிர, எடுத்துக்கும்.”

“மொத நாள்லருந்தா?”

செவ்வந்தி பேட்டரிப் பக்கத்தில் மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். பிறகு பேசியது அருள்மொழியிடம் இல்லை. அவளுக்கு அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

“மொதல்ல படுக்கப் போறப்ப எடுத்துடுவேன். பங்குனில பாப்பாவ ஆஸ்பத்திரில சேத்தாங்க இல்ல, அன்னிக்குத்தான் வேண்டிக்கினேன். அவ நல்லாவுற வரிக்கும் விடிய விடிய எரிய வுடறேன்னு. ஃபிரிட்ஜி நின்னுக்கினே இருந்துச்சி. நின்னா பயம் வரும். பயம் வந்தா, இன்னும் சீக்கிரமா வந்து மாட்டுவேன். பொழுது இருக்கறப்பவே மாட்டுவேன்.” கவ்வியைப் பார்த்தாள். “எம் பொண்ணு மருந்த நாந்தான் சுட வச்சிருக்கேன்.”

“உங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்கே தெரியல. ரெண்டு தடவ வந்து நின்னு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போனவ நானு.”

அது ஆறுதலாக இருந்ததா என்று அருள்மொழிக்குத் தெரியவில்லை. செவ்வந்தி அழவில்லை. அழுதிருந்தால் தோளைத் தொட்டிருக்கலாம். இரண்டு கவ்விகளையும் கழற்றினாள், ஒயரை முழங்கையில் சுற்றினாள், ஜன்னலுக்கு வெளியே இருந்த ஆணியில் மாட்டப் போனவள் மாட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அருள்மொழி வெளியே போய், சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று, முதலில் கமலாவுக்குச் சொன்னாள். ஃபிரிட்ஜ் இனி நிற்காது, நாளைக்கு ஜீப் வேண்டாம், இன்றைக்கு ராத்திரி முழுக்க நானே இருந்து பார்க்கிறேன், காலையில் மேலே நிச்சயமாகச் சொல்லுங்கள் என்றாள். கமலா சந்தோஷத்தில் என்னென்னவோ கேட்டாள். அடுத்து பொன்னுரங்கம். எதை மாற்றினாய் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒன்றையும் மாற்றவில்லை, ஷன்ட்டுக்கு வெளியே நேரே பேட்டரியில் ஒரு லோடு இருந்தது என்றாள். எந்த மடையன் மாட்டினான் என்று கேட்டார். அவளுக்கு வந்த கோபத்துக்குக் கடையையே விட்டுவிட்டிருப்பாள். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

திரும்பி வந்தபோது ராதிகா உள்ளே இருந்தாள். ஊசி போடுகிற நேரம். ஃபிரிட்ஜைத் திறந்து, ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்த மருந்துப் புட்டியை அவளே எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கலங்கல் மருந்து அப்படி உருட்டினால்தான் ஒன்றாகும் என்று அவளுக்குத் தெரியும். பாவாடையை ஒதுக்கித் தொடையைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். செவ்வந்தி மருந்தை ஏற்றினாள். ஊசிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு கோடாகப் பார்த்து, மறுபடி பார்த்து, அருள்மொழியிடம் நீட்டினாள்.

“அளவு சரியா இருக்குதா பாரு மேடம்” என்றாள். இத்தனை வருஷமாகத் தானே பார்த்துப் போட்டவள்.

அருள்மொழிக்கு அந்த அளவுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ராதிகாதான் எட்டிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னாள்.

ஊசி போட்டு முடிந்தது. பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்த ராதிகா, தினம் செய்கிற வழக்கப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். வெளியே இருட்டு. புங்க மரம்கூடத் தெரியவில்லை.

“வெளக்கு ஏம்மா எரியல?”

“வேணாமாம்.”

“யாரு சொன்னது?”

செவ்வந்தி சுவரைப் பார்த்தாள். “மீட்டரு சொல்லுச்சி.”

ராதிகாவுக்கு அது புரியவில்லை. புரியாவிட்டாலும் கும்பிடுவதற்கு அது ஒரு தடையாக அவளுக்குத் தோன்றவில்லை. இருட்டைப் பார்த்தே கண்ணை மூடி முணுமுணுத்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

“நீ கும்புடலியா?”

செவ்வந்தி கையைத் தூக்கினாள். மார்புவரை வந்த கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து, மருந்து டப்பாவின்மேல் உள்ளங்கையை வைத்து, ஜில்லென்று இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்து பார்த்தாள்.

“தெறந்து தெறந்து பாத்தா சூடாயிடும்மா” என்றாள் ராதிகா.

எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் தொட்டவளைப் போலச் செவ்வந்தி கையை இழுத்துக்கொண்டாள்.